காதுக்காரர் வீட்டு மட்டிச் சட்டி

என் அத்தானுக்கு ரயில்வே யார்டில் வைத்த பட்டப்பெயர் காதுக்காரர். அவருடைய காது ஒன்றும் பெரிதல்ல. என் அக்காவின் காதில் முக்கால்வாசிதான் இருக்கும். ஆனால் அவர் பிழைப்பு ஓடியது அந்தக் காதால்தான். நீளக் கைப்பிடி போட்ட சுத்தியலைத் தோளில் சாய்த்துக்கொண்டு, புறப்படத் தயாராக நிற்கும் ரயிலின் ஓரமாக நடப்பார். ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு தட்டு. நல்ல சக்கரம் கணீரென்று பதில் சொல்லும். விரிசல் விட்ட சக்கரம் தொண்டை கட்டியவன் மாதிரி கரகரக்கும். அவர் தலையை ஆட்டினால்தான் ரயில் கிளம்பும். ஆட்டாவிட்டால் ஸ்டேஷன் மாஸ்டரே வந்து கெஞ்சினாலும் கிளம்பாது.

இருபத்திரண்டு வயதில் நான் அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். மூன்று ஸ்டேஷன் தள்ளி ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்திருந்தது. ஒரு மாதம் இருந்துவிட்டு ஹாஸ்டல் பார்த்துக்கொள்கிறேன் என்று பெட்டியோடு போனவள், ஆறு வருஷம் இருந்தேன். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அந்தக் குறை தெரியாமல் இருக்கத்தான் என்னை வைத்துக்கொண்டார்கள் என்று அடுத்த வீட்டு அம்மாள் சொல்லித் திரிந்தாள். எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான்: நான் போகவில்லை.

இரண்டு அறையும் ஒரு அடுக்களையும் கொண்ட ரயில்வே குவார்ட்டர்ஸ். கூட்ஸ் வண்டி போனால் அடுக்களைக் கொக்கிகளில் தொங்கும் கரண்டிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். அந்தச் சத்தத்தை வைத்தே வண்டியில் நிலக்கரியா மரமா என்று அத்தான் சொல்வார். சரியா தப்பா என்று யார் எழுந்து போய்ப் பார்க்கப்போகிறார்கள்? நாங்கள் நம்பினோம். பின்பக்கம் யார்டின் கம்பிவேலி. அதையும் தாண்டினால் கடல் கைநீட்டி உள்ளே வந்து படுத்திருக்கும் சேற்றுவெளி. நீர் ஏறியிருக்கும்போது அது ஒரு சாதாரண நீர்ப்பரப்பு. நீர் இறங்கிவிட்டால் கண்ணுக்கெட்டிய தூரம் பளபளவென்று சேறு. எங்கள் மட்டி, சேற்றுக்குள் புதைந்து வாழும் சிப்பி, அங்கேதான் இருந்தது.

எனக்கு ஆபீஸில் சனிக்கிழமை அரைநாள். அத்தானுக்கும் அன்று பகல் முறை என்றால் இரண்டு மணிக்கு விட்டுவிடுவார்கள். துறைமுகத்திலிருந்து நீர் ஏறும் இறங்கும் நேரத்தை எழுதி வாங்கிவந்து காலண்டரில் குறித்துவைப்பார். சனிக்கிழமையும் நீர் இறங்கும் நேரமும் ஒத்துவந்தால் அந்தக் கட்டத்தைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம். மாதத்துக்கு இரண்டு வட்டம் விழும். எனக்குச் சம்பள நாளைவிட அந்த வட்டம் முக்கியம் என்று ஆகிப்போனது எப்போது என்று சொல்லத் தெரியவில்லை.

முதல் தடவை நான் செருப்போடு சேற்றில் இறங்கினேன். வலது செருப்பு இன்னும் அங்கேதான் இருக்க வேண்டும். அக்கா திட்டினாள். அத்தான் மட்டும், பரவாயில்லை, ஏதோ ஒரு மட்டிக்குத் தங்க வீடு கிடைத்தது என்றார். அவர் அப்படித்தான். வாயைத் திறந்தால் கிண்டல் இல்லாமல் மூடமாட்டார். நான் டைப்பிஸ்ட் என்பதால், "நீயும் தட்டித்தான் சம்பாதிக்கிற, நானும் தட்டித்தான் சம்பாதிக்கிறேன். சும்மா உட்கார்ந்து சாப்பிடுறது உங்க அக்கா ஒருத்திதான்" என்பார். இதைச் சொன்ன ஒவ்வொரு முறையும் அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். அப்படியும் சொல்வார்.

மட்டி தோண்டுவது முதலில் கண்ணுக்கான வேலை. ஈரச் சேற்றில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சின்னத் துளை தெரியும். அதைக் 'கண்' என்பார்கள். கண்ணுக்கு அருகில் காலை ஊன்றினால் உள்ளிருந்து சர்ரென்று ஒரு பொட்டு நீர் பீச்சியடிக்கும். அடித்தால் ஆள் வீட்டில் இருக்கிறார் என்று அர்த்தம். நண்டு வளையும் புழுத் துளையும் பார்க்க அதே மாதிரிதான் இருக்கும். நான் முதல் மாதம் முழுக்கப் புழுவைத்தான் தோண்டினேன். கைப்பிடி உடைந்த தோட்டத்து முள்கரண்டியால் கண்ணுக்கு ஒரு சாண் தள்ளிக் குத்தி நெம்ப வேண்டும். நேராகக் குத்தினால் ஓடு உடைந்துவிடும். நெம்பிய குழிக்குள் கையை விட்டுத் துழாவினால், குளிர்ந்த சேற்றுக்குள் கெட்டியாக ஒன்று விரலில் தட்டும். அந்த நிமிஷத்தின் சந்தோஷத்தை எனக்கு எழுத வரவில்லை. அறுபது வயதாகிறது, விரல் நுனியில் இன்னும் இருக்கிறது.

பெரியதை எடுத்து வாளியில் போடுவோம். கட்டைவிரல் அகலம்கூட இல்லாததைக் குழியில் திரும்ப வைத்துச் சேற்றை மூடிவிட வேண்டும் என்பது அக்காவின் சட்டம். அத்தான் சின்னதைத் திரும்ப வைக்கும்போது, "போய் வளர்ந்துட்டு வா" என்று சொல்லித்தான் வைப்பார். வாளி நிறைந்ததும் அதே இடத்துக் கடல்நீரைத் தகர டப்பாவில் மொண்டுகொண்டு, முழங்கால் வரை கறுப்பாக மூன்று பேரும் வேலி ஓட்டை வழியாக வீட்டுக்கு வருவோம். கறுப்புக் காலோடு அக்கா எங்களை உள்ளே விட்டதில்லை. பின்வாசலில் பக்கெட் தண்ணீர் வைத்து நாங்கள் கால் கழுவும் வரைக்கும் நடுவில் நின்று காவல் காப்பாள்.

வந்ததும் மட்டியைச் சமைத்துவிட முடியாது. அதன் வயிற்றில் மணல் இருக்கும். பெரிய பேசினில் கொண்டுவந்த கடல்நீரை ஊற்றி, மட்டியைப் பரப்பி, மேலே ஈரத்துணி போட்டு மூடி இரவு முழுக்க வைக்க வேண்டும். நல்ல தண்ணீர் ஊற்றினால் செத்துவிடும். நான் ஒருமுறை சுத்தமாக இருக்கட்டும் என்று குழாய்த் தண்ணீர் பிடித்து ஊற்றிவிட்டு, அந்த ஞாயிறு முழுக்க அக்கா முகத்தில் விழிக்காமல் இருந்தேன். காலையில் துணியை எடுத்தால், மட்டிகள் ஓட்டைக் கொஞ்சமாகத் திறந்து, வெள்ளையாக மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும். பேசினின் அடியில் ஒரு கை மணல்.

அதற்குப் பிறகுதான் அத்தானின் வேலை. சில மட்டி உள்ளே செத்துப்போய், சதை கரைந்து, அந்த இடத்தைக் கடல் சேற்றால் நிரப்பி வைத்திருக்கும். ஓடு மட்டும் இறுக்கமாக மூடியே இருக்கும். பார்த்தால் தெரியாது. தூக்கிப் பார்த்தாலும் தெரியாது. பேசினில் கிடக்கும்போது திறக்கவும் திறக்காது; சட்டியில் சூடு ஏறியதும்தான் வாயைத் திறக்கும். திறந்தால் போச்சு. நூறு நல்ல மட்டியோடு ஒரு சேற்று மட்டி போதும், சட்டி மொத்தமும் சாக்கடை.

அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி தட்டிப் பார்ப்பது. அத்தான் பின்வாசல் படியில் உட்கார்ந்து, பேசினைக் காலிடுக்கில் வைத்துக்கொள்வார். இருப்பதில் நல்ல கனத்த மட்டியாக ஒன்றை இடதுகையில் பிடித்துக்கொண்டு, மற்றதை ஒவ்வொன்றாக எடுத்து அதன்மேல் தட்டுவார். உயிருள்ளது டக்கென்று கல்லாகச் சத்தம் போடும். சேறு நிறைந்தது தொப்பென்று சொல்லும். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது. அவர் பேசிக்கொண்டே, கிண்டலடித்துக்கொண்டே தட்டுவார். திடீரென்று பேச்சை நிறுத்தாமலே ஒன்றை வேலிக்கு அப்பால் எறிவார். அவ்வளவுதான். நான் அங்கே போவதற்கு முன் ஒன்பது வருஷத்திலும், போன பிறகு ஐந்து வருஷத்திலும் எங்கள் சட்டியில் ஒரு பொட்டுச் சேறு விழுந்ததில்லை. குவார்ட்டர்ஸ் வரிசையில் மட்டி எடுத்த பெண்கள் எல்லாம் பேசினைத் தூக்கிக்கொண்டு எங்கள் படிக்கு வந்து வரிசையில் நிற்பார்கள். அத்தான் டாக்டர் மாதிரி ஒவ்வொருவரையும் நலம் விசாரித்துத் தட்டிக் கொடுப்பார். அக்காவுக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. வெளியே காட்டிக்கொள்ளாமல், வீட்டுக்காரர் ஊர்வேலைக்கு மட்டும் முதல் ஆள் என்று முணுமுணுப்பாள்.

சமையல் அக்காவுடையது. அகலமான சட்டியில் எண்ணெய் விட்டு, வெங்காயமும் பூண்டும் பச்சைமிளகாயும் வதக்கி, மட்டியைக் கொட்டி மூடிவிடுவாள். ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றமாட்டாள். உப்பும் கிடையாது. மட்டி தன் நீரைத் தானே விடும். அதிலேயே உப்பு இருக்கும். மூடிக்குள் கடகடவென்று ஓடுகள் திறக்கும் சத்தம் கேட்கும். சத்தம் அடங்கியதும் மிளகுத்தூளைத் தூவி, சட்டியை அப்படியே தூக்கிவந்து மேஜை நடுவில் வைத்து, எல்லோரும் உட்கார்ந்த பிறகு மூடியைத் திறப்பாள். ஆவி முகத்தில் அடிக்க வேண்டும், அதுதான் முதல் கவளம் என்பாள். மட்டிச் சாறு வெள்ளையாக, லேசாகக் கலங்கி, பால் கலந்த கஞ்சித்தண்ணீர் நிறத்தில் இருக்கும். அதைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து, ஓட்டையே கரண்டியாக வைத்துச் சதையைச் சுரண்டிச் சாப்பிடுவோம். சாப்பிட்டு முடித்த ஓடுகளை நான் எண்ணுவேன். அதிகம் சாப்பிட்டவர் பாத்திரம் கழுவ வேண்டும். அத்தான் தன் ஓடுகளை என் தட்டுக்கு நகர்த்துவார். அந்த மேஜை எனக்கு இப்போது வேண்டும். வேறு எதையும் திரும்பக் கேட்கவில்லை.

நான் அங்கே போன ஆறாவது வருஷம் அத்தானிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. சாதுவாகிவிட்டார். அக்கா என்ன சொன்னாலும் புன்னகையோடு தலையை ஆட்டினார். எதிர்ப்பேச்சு குறைந்தது, கிண்டலும் குறைந்தது. வயதானால் ஆண்களுக்குப் புத்தி வரும் என்று அக்கா பூரித்துப்போனாள். ரேடியோவை மட்டும் ஊருக்கே கேட்கிற மாதிரி வைத்தார். நானும் ஆபீஸ் கதையெல்லாம் அவரிடம் கொட்டினேன். ம்ம், ம்ம் என்று கேட்டுக்கொண்டார். இவ்வளவு பொறுமையாகக் கேட்கும் மனிதர் உலகத்தில் உண்டா என்று நினைத்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு துளி சந்தேகம் வரவில்லை. வீட்டில் ஒருவர் வாதம் பண்ணாமல் இருந்தால் யாருக்குத்தான் அதைத் துருவிப் பார்க்கத் தோன்றும்?

அந்தச் சமயத்தில்தான் யார்டின் ஃபோர்மேன் தன் மனைவியோடு ஒரு ஞாயிறு மத்தியானம் சாப்பிட வந்தார். வருகிறேன் வருகிறேன் என்று நாலு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர். நல்ல மனிதர். இன்ஜின் சத்தத்துக்கு நடுவே பேசிப் பேசி, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடமும் மைதானத்துக்கு அந்தப்பக்கம் நிற்பவரிடம் பேசுவதுபோலக் கத்திப் பேசுவார். அக்கா புது மேஜைவிரிப்பு போட்டாள். சனிக்கிழமை நாங்கள் வழக்கத்தைவிட ஒரு வாளி கூடுதலாகத் தோண்டியிருந்தோம். காலையில் அத்தான் படியில் உட்கார்ந்து தட்டியதை நான் பக்கத்திலிருந்தே பார்த்தேன். அன்று அவர் பேசவில்லை. ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று தடவை தட்டினார். ஃபோர்மேன் வருகிறார், அந்தக் கவனம் என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லோரும் உட்கார்ந்தோம். அக்கா சட்டியைக் கொண்டுவந்து நடுவில் வைத்து மூடியைத் திறந்தாள்.

ஆவி வந்தது. அதோடு யார்டுச் சாக்கடையின் வாடையும் வந்தது. சாறு கரேலென்று இருந்தது. வெங்காயம் தெரியவில்லை, மட்டிச் சதை தெரியவில்லை. திறந்த ஓடுகளின் விளிம்பெல்லாம் கறுப்புச் சேறு.

ஒன்றல்ல, ஏழெட்டுச் சேற்று மட்டியாவது உள்ளே போயிருக்க வேண்டும். ஃபோர்மேன்தான் சிரித்துவிட்டு, காதுக்காரர் வீட்டுச் சட்டியிலேயே சேறா, இதை யார்டில் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். அத்தான் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவர் தட்டலைங்க" என்றாள் அக்கா. "இவர் குளிக்கப் போயிருந்தாரு. நான்தான் அவசரத்துல நாலு தட்டு தட்டிக் கொட்டிட்டேன்."

அக்கா பொய் சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை. அவ்வளவு சரளமாகப் பொய் வரும் என்பதும் அன்றுதான் தெரிந்தது. முட்டை பொரித்துப் போட்டாள். சோறும் முட்டையும் ஊறுகாயுமாகச் சாப்பிட்டு, வயிறாரச் சாப்பிட்டோம் என்று நாகரிகமாகச் சொல்லிவிட்டு விருந்தாளிகள் கிளம்பிப்போனார்கள்.

கதவைச் சாத்தியதும் அக்கா அத்தானின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள். "சட்டியைக் கொண்டுபோய்க் கொட்டிட்டு வாங்க" என்று சாதாரணமான குரலில் சொன்னாள். அவர் அசையவில்லை. இன்னொரு தரம் சொன்னாள். அவர் எதிரே சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். என் முகத்தில் என்ன இருந்ததோ, சட்டென்று பின்னால் திரும்பி, அங்கே அக்கா நிற்பதைக் கண்டார்.

எட்டு மாதம் ஆகிறது என்றார். முதலில் இடதுகாதில் சன்னமான சத்தம் எல்லாம் போனதாம். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வலதுகாதும். கிட்டத்தில், முகத்தைப் பார்த்துப் பேசினால் பாதி புரியும். ஃபோர்மேன் கத்துவதால் அவர் பேச்சு மட்டும் முழுசாகக் கேட்கும். யார்டில் யாருக்கும் சந்தேகம் வராததற்கு அதுவே காரணம். ரயிலுக்கு ஒன்றும் பயமில்லை என்றார். சுத்தியல் கைப்பிடி வழியாக அதிர்வு உள்ளங்கைக்கு வந்துவிடுகிறதாம். நல்ல சக்கரம் என்றால் கை சிலிர்க்குமாம், கெட்டது என்றால் கை செத்துப்போகுமாம். இருபது வருஷத்துக் கை. மட்டிக்குக் கைப்பிடி இல்லை, அதனால்தான் கோட்டைவிட்டேன் என்றார். அதைச் சொல்லும்போது பழைய கிண்டல் மாதிரி சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

அக்கா அவர் முன்னால் வந்து குனிந்து, உதடு தெரியும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: "சட்டிக்காகப் பொய் சொல்லிட்டேன். சக்கரத்துக்காகச் சொல்ல மாட்டேன்."

நான் அப்போது ஒன்று சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது, கைதான் சொல்கிறதே, ரிட்டயர் ஆக இன்னும் ஏழு வருஷம்தானே என்றேன். யார்டில் சொன்னால் அந்த நிமிஷமே சுத்தியலைப் பிடுங்கிக்கொள்வார்கள். வேலை போனால் குவார்ட்டர்ஸ் போகும். வேலி ஓட்டை போகும், காலண்டரில் சிவப்பு வட்டம் போகும். எனக்கு அந்த வீடு வேண்டும். உண்மையைச் சொன்னால் எனக்கு அவ்வளவுதான் தெரிந்தது. இதையெல்லாம் அவர் முகத்துக்கு நேரே உரக்கச் சொன்னேன்.

அத்தானின் முகம் தெளிந்தது. "பாரு, அவளே சொல்றா" என்றார் அக்காவிடம். அக்கா சட்டியைத் தூக்கிக்கொண்டு தானே பின்பக்கம் போனாள்.

மறுநாள் திங்கட்கிழமை. நான் ஆபீஸுக்குப் போவது எட்டுப் பத்து வண்டியில். அந்த வண்டி எங்கள் ஸ்டேஷனில்தான் புறப்படும். அதன் சக்கரங்களைத் தட்டுவது அத்தான். ஆறு வருஷமாக, மூன்றாவது பெட்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அவர் கீழே கடந்துபோகும்போது கம்பி வழியாக ஏதாவது வம்புக்கு இழுப்பேன். அவரும் நிமிராமலே பதில் சொல்லிக்கொண்டு போவார். கடைசி எட்டு மாதமாக அவர் பதில் சொல்லவில்லை என்பது அன்றைக்குப் பிளாட்பாரத்தில் நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

அவர் தட்டிக்கொண்டே வந்தார். டங்கென்று ஒன்று. நாலடி நடை. டங்கென்று இன்னொன்று. எல்லாமே என் காதுக்கு நன்றாகத்தான் கேட்டது. ஆனால் எனக்கு மட்டியின் சத்தமே தெரியாது, சக்கரத்தின் சத்தம் எங்கே தெரியும்? ஜனங்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். டிபன் கேரியரோடு என் ஆபீஸ் கேஷியர் ஏறினார். ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு ஏறினாள். என்னையும் ஏறச் சொல்லி இடம் விட்டாள். நீங்கள் போங்கள் என்றேன். கைப்பிடிக் கம்பியைப் பிடித்தேன். காலைத் தூக்கிப் படியில் வைக்க வேண்டும், அவ்வளவுதான். கால் வரவில்லை. முந்தின நாள் வாய் கிழியப் பேசியவள் நான்தான். வேண்டுமென்று நான் நிற்கவில்லை; சத்தியமாகச் சொல்கிறேன், பயத்தில் நின்றேன்.

கடைசிச் சக்கரத்தைத் தட்டிவிட்டு அவர் நிமிர்ந்தார். கார்டு விசில் ஊதிவிட்டுப் பச்சைக் கொடியை எடுத்தார். பிளாட்பாரத்தில் நான் ஒருத்திதான் நின்றேன். அத்தான் என்னைப் பார்த்தார். திறந்திருந்த கதவைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். நான் சட்டென்று பையில் எதையோ தேடுவதுபோல நடித்தேன். நடிப்பும் எனக்கு வரவில்லை.

அவர் நேரே கார்டிடம் நடந்துபோய், கொடியைப் பிடித்திருந்த கையைக் கீழே இறக்கிவிட்டார். பிறகு சுத்தியலைத் தோளிலிருந்து எடுத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஃபோர்மேன் அறைப்பக்கம் போனார்.

வேறு ஒருவரை வரவழைத்து எல்லாச் சக்கரத்தையும் முதலிலிருந்து தட்ட வைத்தார்கள். நாற்பது நிமிஷம் ஆயிற்று. ஒரு சக்கரத்திலும் பழுதில்லை. அத்தானின் கை சரியாகத்தான் சொல்லியிருந்தது. அதே வண்டியில், அதே மூன்றாவது பெட்டியில் ஏறி நான் ஆபீஸ் போனேன். எவனோ ஒரு செவிடனால் தாமதமாம் என்று வண்டி முழுக்கத் திட்டிக்கொண்டு வந்தார்கள். கேஷியர் என்னிடமும் சொன்னார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

டாக்டர் எழுதிக்கொடுத்ததும் அவரைப் பார்சல் ஆபீஸுக்கு மாற்றினார்கள். மூட்டைகளுக்குச் சீட்டு ஒட்டும் வேலை. அங்கே காது தேவையில்லை. யார்டு ஆட்களுக்கான குவார்ட்டர்ஸைக் காலிபண்ணி, ஸ்டேஷனுக்கு அந்தப்பக்கம் ஒரு மாடி வீட்டுக்குக் குடிபோனோம். வேலி ஓட்டைக்கு அரைமணி நேரம் சுற்றி நடக்க வேண்டும், நடந்தோம். அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. அதற்குப் பிறகும் அவர்கள் இரண்டு பேரும் வாளியோடு போய்வந்தார்கள். தட்டுவது அக்காவின் வேலை ஆனது. வருஷத்துக்கு இரண்டு சட்டியாவது கறுப்பாகும். அத்தான் அதையும் ஒரு பிடி பிடிப்பதுபோல எட்டிப் பார்த்து அக்காவைச் சீண்டிவிட்டு, முட்டையை எடுத்துக்கொடுப்பார். அவர் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. என் வீட்டுக்காரர் வலைப்பையில் மட்டி வாங்கிவருகிறார். மணல் இல்லை, சேறு இல்லை. அவ்வளவு சுத்தம். எனக்குத்தான் ஏனோ அந்தச் சுத்தத்தில் பாதித் தட்டுக்கு மேல் இறங்கமாட்டேன் என்கிறது.

அவருடைய வேலையை நான்தான் பறித்தேன் என்ற நினைப்பு எனக்கு இன்றும் உண்டு. அன்றைக்கு அது நெஞ்சு முழுக்க இருந்தது. அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் ஆபீஸ் விட்டு வீட்டுக்குள் நுழைந்தபோது அத்தான் மேஜை முன் உட்கார்ந்திருந்தார். சுத்தியல் சாய்த்துவைக்கும் மூலை காலியாக இருந்தது. உள்ளே அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் பையைக்கூட வைக்காமல் அவர் எதிரில் போய் நின்றேன்.

"அத்தான், என்னை மன்னிச்சிடுங்க" என்றேன்.

அவர் உள்ளங்கையைக் காதுக்குப் பின்னால் குவித்தார். "கேட்கலை."

"நான் வண்டியில ஏறாம நின்னதுக்கு மன்னிச்சிடுங்க" என்று உரக்கச் சொன்னேன்.

"கேட்கலையே."

மூன்றாவது தடவை அடிவயிற்றிலிருந்து கத்தினேன். குரல் பாதியில் உடைந்து அழுகையாகிவிட்டது. அடுத்த வீட்டில் ரேடியோவை நிறுத்தினார்கள். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அக்கா கத்தியும் கையுமாக அடுக்களை வாசலுக்கு வந்து நின்றாள். குவார்ட்டர்ஸ் வரிசை முழுக்கக் கேட்டுவிட்டது.

அத்தான் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, இல்லை என்று தலையை ஆட்டினார். அவர் கண் நிறைந்திருந்தது.

"ஒண்ணுமே கேட்கலை, மச்சினி" என்றார். "நாளைக்கு எட்டுப் பத்துல தைரியமா ஏறு. புதுசா தட்டுறவனுக்கு நல்ல காது."